வன் பஞ்சாயத்து

உத்தராகண்ட் மலைக் கிராமங்கள் தங்கள் பொதுக் காட்டைத் தாங்களே நிர்வகிக்கும் அமைப்பு. அங்குள்ள குமாவோன் பகுதியின் காடுகளைக் காப்புக்காடுகளாக்கி, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடு போட்டது. 1921-இல் மக்கள் அந்தக் காடுகளுக்கே தீ வைத்தார்கள். அரசு இறங்கிவந்து குறைகேட்புக் குழு அமைத்தது. 1931-இல் வன் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன.

ஊரார் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு சர்பஞ்ச் தலைவர். எந்த நாளில் புல் அறுக்கலாம், ஒரு வீட்டுக்கு எத்தனை கட்டு என்பதெல்லாம் அங்கே முடிவாகும். விதி மீறி நுழைபவரின் அரிவாளை ஊர்க் காவலர் பிடுங்கிக்கொள்வார். அபராதம் கட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். மலையில் அரிவாள் இல்லாமல் ஒரு நாள் ஓட்டுவது கடினம் என்பதால், காகிதச் சட்டத்தைவிட இது நன்றாகவே வேலை செய்தது.

ஆண்கள் பிழைப்புக்குச் சமவெளிக்குப் போய்விட, காட்டுவேலை பெண்கள் தலையில் விழுந்தது. குழுக்களில் அவர்கள் குரல் ஒலிக்கத் தொடங்கியது வெகு தாமதமாகத்தான். எரிவாயு அடுப்பு வந்தது, மாடுகள் குறைந்தன. காட்டின் மீதான அன்றாடப் பிடிப்பும் தளர்ந்தது. 1976, 2001 ஆண்டுகளின் விதித் திருத்தங்கள் வனத்துறையின் கையை ஓங்கச் செய்தன. இன்று மாநிலத்தில் 11,000-க்கும் மேற்பட்ட வன் பஞ்சாயத்துகள் உள்ளன.