வயலைக் காக்க ஒரு துவக்கு: கடையா, இணையமா, கைமாற்றா?

பெரும்போக நெல் கதிர் தள்ளத் தொடங்கியதும் வரிப்பத்தான்சேனை விவசாயிகளுக்கு இரவுத் தூக்கம் குறைந்துவிடும். இறக்காமம் பிரதேச செயலகப் பிரிவின் வயல்வெளிகள் காட்டையும் குளத்தையும் ஒட்டிக் கிடக்கின்றன. பன்றி வரப்பைக் கிளறும். யானை ஒரே இரவில் ஒரு போகத்தின் உழைப்பை மிதித்துவிட்டுப் போகும். கடன் வாங்கி விதைத்தவர் காவல் வாடியில் டோர்ச் லைட்டும் தகரமும் வைத்துக்கொண்டு விடிய விடிய இருப்பார். "ஒரு துவக்கு இருந்தால் என்ன?" என்ற பேச்சு அந்த வாடிகளில்தான் தொடங்குகிறது.

எங்கே வாங்குவது என்று கேட்டால் மூன்று வழிகள் சொல்லப்படும். ஒன்று, கடை. இரண்டு, இணையத்தில் ஓடர் பண்ணுவது. மூன்று, தெரிந்த ஒருவரிடம் கைமாற்றாக எடுப்பது. முதல் வழி இழுபடும், இரண்டாவது இலகு, மூன்றாவது மலிவு என்பது ஊர்க் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு செலவு சேர்க்கப்படுவதில்லை. கடதாசி இல்லாத துவக்கின் விலையை வாங்கியவர் பின்னர் நீதிமன்றத்தில் கட்ட வேண்டிவரும். யுத்தம் நடந்த மாவட்டத்தில், தமிழ் பேசும் ஒருவருக்கு அந்த விலை இன்னும் கூடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் என்றாலும் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. ரி-56 போன்ற தானியங்கித் துவக்கை அனுமதியின்றி வைத்திருந்தவர்களுக்கு மேல் நீதிமன்றங்கள் ஆயுள் தண்டனை விதித்திருக்கின்றன.

அனுமதிப்பத்திரம் குறிப்பிட்ட ஒரு ஆளுக்கும் குறிப்பிட்ட ஒரு துவக்குக்கும் உரியது. அண்ணனின் அனுமதிப்பத்திரத்தில் தம்பி காவலுக்குப் போக முடியாது. அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31இல் காலாவதியாகிறது. வழமையாக ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் இறுதிவரை அடுத்த ஆண்டுக்காகப் புதுப்பிக்கப்படும். புதுப்பிக்க மறந்தால், சட்டப்படி வாங்கிய துவக்கும் சட்டவிரோதத் துவக்காகிவிடும். விதைப்பும் காவலும் இதே மாதங்களில் வருவதால் வயற்காரர் இதைத் தவறவிடுவது இலகு.

முதல் வழி: கடை

சட்டபூர்வமான பாதை கடையில் தொடங்குவதில்லை, கடையில்தான் முடிகிறது. பயிர்ப் பாதுகாப்புக்காகத் துவக்கு கேட்பவர் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். காணி தன்னுடையது அல்லது தான் செய்கை பண்ணுவது என்பதற்கான ஆவணம், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் ஆகியோரின் உறுதிப்படுத்தல், பொலிஸ் அறிக்கை என்பன கேட்கப்படும். விவசாயத் தேவைக்கான விண்ணப்பங்கள் மாவட்டச் செயலகத்தினூடாகப் போகின்றன. தற்பாதுகாப்புக்கான துவக்கு பாதுகாப்பு அமைச்சின் நேரடிக் கையில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான விண்ணப்பத்தைக் கொடுத்தால் அலைச்சல்தான் மிச்சம்.

பயிர்க் காவலுக்கென்று வழமையாகக் கிடைப்பது சொட்கன். அனுமதி கையில் வந்தபின்தான் அனுமதி பெற்ற விற்பனையாளரிடமோ அரச விற்பனைப் பிரிவிடமோ வாங்கலாம். தோட்டாவும் அனுமதிப்பத்திரத்தைக் காட்டித்தான் வாங்க வேண்டும். நண்பரிடம் நாலு தோட்டா இரவல் வாங்குவதும் குற்றமே.

இந்தப் பாதை மெதுவானது. விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. குத்தகைக்குச் செய்பவருக்கும், உறுதி இல்லாத காணியில் பரம்பரையாகச் செய்பவருக்கும் கடினம் கூடும். யுத்தத்தில் காணிக் கடதாசி தொலைந்தவர்களுக்கு இது இன்னொரு சுவர். ஆனாலும் வாங்கியவர் நிம்மதியாக இருக்கக்கூடிய பாதை இது ஒன்றுதான். கிடைத்த அனுமதியும் நிரந்தரமல்ல. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்காகத் தனியாருக்கு வழங்கப்பட்டிருந்த துவக்குகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு உத்தரவிட்டது. அரசு கொடுத்ததை அரசு திருப்பிக் கேட்கலாம்.

இரண்டாம் வழி: இணையம்

கைத்தொலைபேசியில் அமெரிக்க இணையத்தளங்களைப் பார்ப்பவருக்கு, துவக்கும் சட்டை மாதிரிப் பார்சலில் வரும் என்று தோன்றலாம். அமெரிக்காவிலேயே அப்படி இல்லை. அங்கே வேறு மாநிலக் கடையில் இணையத்தில் வாங்கும் துவக்கு, வாங்குபவரின் ஊரிலுள்ள அனுமதி பெற்ற கடைக்குத்தான் அனுப்பப்படும். அந்தக் கடையில் பின்னணிச் சோதனை முடிந்த பிறகே கையில் கொடுப்பார்கள். இந்தியாவிலும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வாங்க முடியாது.

இலங்கைக்குள் துவக்கோ அதன் பாகமோ தோட்டாவோ அனுமதியின்றி இறக்குமதி செய்வது குற்றம். பார்சல் சுங்கத்தில் பிடிபட்டால், அதில் பெயரும் முகவரியும் இருக்கும். குரங்கு விரட்ட என்று பலர் தேடும் வளித் துவக்குக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகனிடமோ மருமகனிடமோ "வரும்போது ஒன்று கொண்டு வா" என்று சொல்லும் தகப்பன்மார் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். அங்கே கடையில் சாதாரணமாகத் தொங்கும் பொருள், கட்டுநாயக்கவில் பிள்ளையின் பயணத்தையும் வேலையையும் முடித்துவிடலாம்.

முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் உள்நாட்டில் துவக்கு தருவதாகச் சொல்பவர்கள் வேறு வகை. முற்பணத்தை அனுப்பிய பிறகு பொருள் வராவிட்டால் யாரிடம் முறையிடுவது? பொலிஸில் போய் "துவக்கு வாங்கக் காசு அனுப்பினேன், ஏமாற்றிவிட்டான்" என்று எப்படிச் சொல்வது? பொருள் வந்தாலும் ஆபத்து குறைவதில்லை. அந்த உரையாடல் முழுவதும் தொலைபேசியில் சான்றாகக் கிடக்கும்.

மூன்றாம் வழி: கைமாற்று

கைமாற்றில் இரண்டு விதம் உண்டு.

முதலாவது, அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கு. அதன் உரிமையை மாற்றுவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் காசைக் கொடுத்து வாங்கிவிட்டுப் பின்னர் கச்சேரிக்குப் போவது அல்ல அந்த வழி. வாங்குபவருக்கு அனுமதி கிடைத்த பிறகே துவக்கு கை மாற வேண்டும்.

வாப்பாவோ அப்பாவோ இறந்தபின் வீட்டில் இருக்கும் துவக்கும் இதில் அடங்கும். அனுமதிப்பத்திரம் அவரோடு முடிந்துவிட்டது. மகன் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்றும்வரை அது பொலிஸிலோ அதிகாரிகள் சொல்லும் இடத்திலோ இருக்க வேண்டும். "நினைவுக்காக" வளையில் செருகி வைத்த துவக்குக்காக, அதைத் தொட்டே பார்க்காத மனைவி பதில் சொல்ல வேண்டிவரலாம். மௌத்து வீட்டின் ஏழாம், நாற்பதாம் நாள் கடமைகளுக்கும் மரண வீட்டின் எட்டு, முப்பத்தொன்றுக்கும் இடையில் இதையும் ஒரு வேலையாக யாராவது ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்.

இரண்டாவது விதம், கடதாசியே இல்லாதது. இடியன் துவக்கு, கல்கட்டஸ் என்று சொல்லப்படும் நாட்டுத் துவக்கு, யுத்த காலத்தில் மிஞ்சியது, ஊர்காவல் கடமையை விட்டபோது திருப்பிக் கொடுக்காதது என்று இதற்குப் பல முகங்கள். மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நாட்டுத் துவக்கின் குழல் எந்த வெடியைத் தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது. அது முன்னால் வெடிக்காமல் பின்னால் வெடித்தால் போவது சுடுபவரின் கையும் கண்ணும். பழைய துவக்கு என்றால் அது முன்னர் எங்கே, யாருக்கு எதிராகப் பாவிக்கப்பட்டது என்பதும் தெரியாது. பிடிபடும் துவக்குகளை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதிக்கும். நேற்று வாங்கியவர் நேற்று முன்தினக் குற்றத்துக்கு விளக்கம் சொல்ல நேரும்.

கட்டுத்துவக்கு இவற்றில் கொடியது. பன்றிக்கென்று பாதையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார்கள். அதிகாலையில் மாடு சாய்க்கப் போகிறவரின் காலுக்கும் பன்றியின் காலுக்கும் அந்தக் கம்பிக்கு வித்தியாசம் தெரியாது.

யானைக்குத் துவக்கு மருந்தல்ல

துவக்கு தேடும் பலரின் மனதில் இருப்பது யானை. ஆனால் யானை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்படும் மிருகம். பயிர்க் காவல் அனுமதி யானையைச் சுடுவதற்கான அனுமதி அல்ல. சொட்கன் ரவை யானையை விழுத்தாது, காயப்படுத்தும். சீழ் பிடித்த காயத்தோடு அலையும் யானை அடுத்து யாரைக் கண்டாலும் பாயலாம். சுட்டவர் வீட்டில் இருப்பார், பாதையில் போன அயலவர் அகப்படுவார்.

2023இல் மட்டும் நாட்டில் 450க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். துவக்குச் சூடும், உணவுக்குள் மறைத்து வைக்கும் ஹக்க பட்டாஸ் வெடியும், வேலிக்கு வீட்டு மின்சாரத்தை நேரடியாக இழுப்பதும் யானை இறப்புக்கான முக்கிய காரணங்கள். சட்டவிரோத மின்வேலியில் அகப்பட்டு மனிதர்களும் இறக்கிறார்கள். அம்பாறைக் கரையோரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. பள்ளக்காட்டில் பல உள்ளூராட்சி சபைகளின் குப்பை கொட்டப்படும் இடத்துக்கு யானைகள் பழகிவிட்டன. எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022இன் தொடக்கத்தில் செய்தி வந்தது. குப்பைக்குப் பழகிய யானை வயலுக்கும் ஊருக்கும் வரும். அந்தப் பிரச்சினையைத் தனி ஒருவரின் துவக்கு தீர்க்காது.

நடைமுறையில் கைகொடுப்பவை வேறு. வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடி, போகம் முடிந்ததும் கழற்றிவிடக்கூடிய முறையான வயல் மின்வேலி, வட்டையில் உள்ளவர்கள் முறை வைத்துச் செய்யும் கூட்டுக் காவல் என்பன அவற்றில் சில. நெல் உள்ளிட்ட பயிர்களுக்கான அரச காப்புறுதியில் வெள்ளம், வரட்சியோடு காட்டு யானைச் சேதமும் சேர்க்கப்பட்டது. சேதம் நடந்ததும் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் தாமதமின்றி அறிவித்து, அறிவித்ததற்கு எழுத்தில் ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது.

இந்த மண்ணில் துவக்கின் கதை

1971இலும் 1987 தொடக்கம் 1989வரையும் ஜே.வி.பி.யினர் தெற்கில் வீடு வீடாகத் தேடி எடுத்தவற்றில் அனுமதி பெற்ற சொட்கன்களும் இருந்தன. வடக்கு கிழக்கிலும் விவசாயிகளின் துவக்குகள் இயக்கங்களின் கைக்குப் போயின. வயலைக் காக்க வாங்கிய துவக்கு, அதைத் தேடி வருபவர்களை வீட்டு வாசலுக்கு அழைத்து வந்தது.

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம், இறக்காமத்திலிருந்து தூரமில்லாத வீரமுனையில், கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் ஊர்காவல் என்ற பெயரில் அரசு துவக்குகளைக் கொடுத்தது. ஓர் ஊருக்குக் காவலாகத் தெரிந்த துவக்கு அடுத்த ஊருக்குப் பயமாக இருந்தது. இரு சமூகத்து மக்களும் அதை அனுபவித்தவர்கள்.

2019 ஏப்ரல் 26இல் சாய்ந்தமருதில் நடந்த மோதலுக்கும் தற்கொலை வெடிப்புகளுக்கும் பிறகு, முஸ்லிம் வீடுகளில் இருந்த கத்திகூடக் கேள்விக்குள்ளானது. அப்படியான ஒரு காலத்தில் கடதாசி இல்லாத துவக்கு பன்றிக்காகவே வைத்திருந்தது என்று சொன்னால் யார் கேட்பார்? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆயுதத்தையும் வெடிபொருளையும் பற்றித் தனியாகப் பேசுகிறது. அதன்கீழ் தடுப்புக் காவல் உத்தரவில் 18 மாதங்கள்வரை ஒருவரை வைத்திருக்கலாம் என்றிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. 12 மாதம் என்பது பெரும்போகமும் சிறுபோகமுமாக இரண்டு போகம்.

ஏற்கனவே கையில் இருந்தால்

வயல் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ துவக்கு, தோட்டா, குண்டு எதுவும் கண்ணில் பட்டால் தொட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டு 119க்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ அறிவியுங்கள். தனியாகப் போகப் பயம் என்றால் கிராம உத்தியோகத்தரையோ பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போகலாம்.

கடதாசி இல்லாத துவக்கு வீட்டில் இருந்தால், அதை விற்பதோ ஆற்றில் எறிவதோ புதைப்பதோ தீர்வல்ல. முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசி, அவர் மூலமாக ஒப்படைப்பதே பாதுகாப்பானது. அரசாங்கம் இடைக்கிடை பொது மன்னிப்புக் காலம் அறிவிக்கும். 2020 பெப்ரவரியில் அப்படி ஒரு வாரம் கொடுக்கப்பட்டது. அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருப்பதும் ஆபத்துத்தான், ஏனென்றால் தேடுதல் முன்கூட்டி அறிவித்துவிட்டு வருவதில்லை.

அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் மூன்றைச் செய்தால் போதும். டிசம்பருக்கு முன் புதுப்பியுங்கள். துவக்கையும் தோட்டாவையும் வெவ்வேறு இடத்தில் பூட்டி வையுங்கள், திறப்பு பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. துவக்கு தொலைந்தாலோ களவு போனாலோ அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வைத்திருங்கள்.

கடையா, இணையமா, கைமாற்றா என்று கேட்பவருக்கு எங்கள் பதில் இதுதான். அனுமதி கிடைத்தால் கடை. கிடைக்காவிட்டால் யானை வெடியும் வேலியும் கூட்டுக் காவலும். மற்ற இரண்டு வழிகளிலும் வரும் துவக்கு வயலைக் காக்கும் முன்னர் வயற்காரனை வயலிலிருந்து எடுத்துவிடும்.