எலெக்ட்ரிக் பஸ்ஸில் டீசல் அடுப்பு

எங்கள் வயதுக்காரர்களுக்கு மாஸ்கோ என்றாலே 'சோவியத் நாடு' பத்திரிகைதான் நினைவுக்கு வரும். அந்த வழவழப்பான தாளைக் கிழித்துப் பள்ளி நோட்டுக்கு அட்டை போடாதவர்கள் நம்மில் குறைவு. அந்த ஊர்த் தெருக்களில் கூரைமேல் இரண்டு நீளக் கொம்புகளோடு ஒரு பஸ் ஓடும். அதுதான் டிராலிபஸ். தலைக்கு மேல் போகும் மின்கம்பிகளைக் கொம்புகளால் தொட்டுக்கொண்டே போகும்.

மாஸ்கோவில் அது ஓடத் தொடங்கியது 1933 நவம்பரில். பிற்பாடு உலகிலேயே பெரிய டிராலிபஸ் நகரம் என்று பெயர் வாங்கியது. மைனஸ் 20 டிகிரிக் குளிரிலும் வண்டி ஓடவும் உள்ளே கதகதப்பாக இருக்கவும் கம்பியே மின்சாரம் கொடுத்தது. கம்பியில் பனிக்கட்டி படிவது போன்ற தொல்லைகள் உண்டு. ஆனால் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற கவலை இல்லை.

கம்பிகள் தெருவின் அழகைக் கெடுக்கின்றன என்றார்கள். 2018 செப்டம்பரில் பேட்டரி பஸ்கள் வந்தன. 2020 ஆகஸ்ட் 25-ல் டிராலிபஸ் நின்றது. நினைவுக்காக ஒரே ஒரு தடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

குளிர் ஊரில் பேட்டரிக்கு இரண்டு சங்கடம். உறைபனியில் அது சோம்பிவிடும். சார்ஜ் ஏறுவதும் மந்தம். அடுத்தது கணப்பு. டீசல் இன்ஜின் எண்ணெயின் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கும். அந்த வீண் வெப்பம்தான் இத்தனை காலம் பயணிகளுக்குக் குளிர் காய உதவியது. மின்மோட்டார் சிக்கனக்காரர், அவரிடம் மிச்ச வெப்பம் அதிகம் கிடையாது. ஆகவே கணப்பும் பேட்டரியைத்தான் தின்ன வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும், உள்ளிருக்கும் சூடு வெளியே போய்விடும்.

மாஸ்கோக்காரர்கள் குளிரைத் தாங்கும் ஒருவகை பேட்டரியைப் போட்டு, தடத்தின் கோடியில் சில நிமிடங்களில் சார்ஜ் ஏற்றினார்கள். கணப்புக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் வந்த வண்டிகளில் டீசலில் எரியும் அடுப்பை வைத்தார்கள்! புகையில்லாத பஸ்ஸுக்குள் டீசல் டாங்க்.

எலெக்ட்ரிக் பஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிராக் நகரம் 1972-ல் கைவிட்ட டிராலிபஸ்ஸை 2017-ல் மறுபடி கொண்டுவந்தது. கம்பி உள்ள இடத்தில் ஓடிக்கொண்டே பேட்டரியை நிரப்பும். இல்லாத இடத்தில் பேட்டரியில் ஓடும். பழசும் புதுசும் சேர்ந்த ஏற்பாடு. கையில் இருந்த கம்பியைக் கழற்றும் முன் மாஸ்கோ இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.