மொன்றியலில் பிறந்த பிரபஞ்சம்

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1956இல் தன் தலைமையகத்தை மொன்றியலுக்கு மாற்றியது. நான்கே ஆண்டுகளில் ரோமன் குரோய்ட்டரும் காலின் லோவும் இயக்கிய ‘யூனிவர்ஸ்’ ஆவணப்படத்தை அது வெளியிட்டது. மனிதன் விண்வெளிக்குப் போவதற்கு முந்திய ஆண்டு அது!

கறுப்பு வெள்ளைப் படம். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒன்ராறியோவின் டேவிட் டன்லப் வானாய்வகத்தில் ஒரு வானியலாளர் இரவு வேலைக்கு ஆயத்தமாகிறார். ராட்சதத் தொலைநோக்கி வானத்தை நோக்குகிறது. அங்கிருந்து கோள்கள், விண்மீன்கள், அவற்றுக்கும் அப்பால் என்று படம் நம்மைக் கூட்டிப்போகிறது.

திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இதற்குக் குரல் கொடுத்த டக்ளஸ் ரெயினையே, 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் ஹால் என்ற கணினிக்கும் பேசவைத்தார்.

பிள்ளைகளுக்கு விண்வெளிப் படம் தேடும் பெற்றோர் முதலில் ‘யூனிவர்ஸை’ப் போட்டுக் காட்டலாம், ஹாலை அதற்குப் பிறகு சந்திக்கட்டும்.