ஏந்தல்: அரசனா, நீரா?

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே, கரிசல் பூமியில் இருக்கும் பழைய சமீன் ஊர் இளையரசனேந்தல். சமீன் ஊர் என்றதும் பெயருக்கு அரண்மனைப் பொருள் சொல்ல ஆசை வரும். அகராதியும் இடம் கொடுக்கிறது: ஏந்தல் என்றால் அரசன், பெருமகன். அப்படிக் கொண்டால் இளைய அரசன் ஒருவர், ஏந்தல் ஒருவர் என ஒரே பெயரில் இரண்டு ராஜாக்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அது பொருந்தவில்லை.

விடை தேடி மதுரைக்குப் போகலாம். நகரின் வடக்கே கண்ணனேந்தல் இருக்கிறது. முன்பு தனி ஊராட்சி. 2011-இல் மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தபோது உள்ளே வந்தது. நத்தம் சாலை இரைச்சலை விட்டு விலகினால், அமைதியான குடியிருப்புத் தெருக்கள். இங்கே எந்த ராஜாவும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெயர்களைப் பாருங்கள்: நாகனாகுளம், ஆத்திகுளம், உலகனேரி. 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்தது அந்த உலகனேரியில்தான். 2023-இல் திறந்த 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலமும் தல்லாகுளத்தில் ஏறிச் செட்டிகுளத்தில் இறங்குகிறது. இத்தனை நீருக்கு நடுவே ஏந்தல் மட்டும் வேறு என்னவாக இருக்கும்?

ஏந்து என்ற வினையோடு ‘அல்’ சேர்ந்தது ஏந்தல். வறுப்பது வறுவல் ஆனதுபோல, தொழிலின் பெயர் பொருளுக்கு ஆகிவந்தது, இலக்கணத்தில் தொழிலாகுபெயர். பெய்கிற மழையை ஏந்தி வைத்துக்கொள்ளும் ஆழமில்லாத சிறு ஏரி. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் ‘ஏந்தல்’ என்று முடியும் ஊர்கள் மலிந்து கிடப்பதற்குக் காரணம், அது வானம் பார்த்த பூமி என்பதே. அரசனைக் குறிக்கும் ஏந்தலுக்கும் வேர் இதுவேதான். ஏந்துதலுக்கு உயர்தல் என்றும் பொருள் உண்டு; உயர்ந்து நிற்பவன் ஏந்தல். ஆக, இளையரசனேந்தலில் அரசன் ஒருவன்தான். மிச்சமிருப்பது அவன் பேரில் அமைந்த நீர்நிலை. கண்ணனேந்தலிலும் அதே அமைப்பு: முன்னால் ஆள், பின்னால் தண்ணீர்.

கரிசல் காட்டில் இந்தப் பெயரை யாரும் மறக்க முடியாது. மழை பொய்த்தால் தானே நினைவுக்கு வரும். புறநகரில்தான் அது வெறும் பேருந்து நிறுத்தமாகிவிடுகிறது. ஏந்தல், குளம், ஏரி என்று முடியும் இடத்தில் மனை வாங்கப் போகிறவர்கள், பத்திரத்தோடு நின்றுவிடாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். எந்தப் புல எண் கண்மாய், எது வாய்க்கால் என்பது அதில் எழுதியிருக்கும்.