மேயோ கிளினிக்: கூட்டு மருத்துவத் தொழிலின் வரலாறு

மேயோ கிளினிக் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரில் உள்ள மருத்துவ நிறுவனம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு தந்தையும் இரு மகன்களும் நடத்திய குடும்பத் தொழிலாக இருந்தது, 1919-இல் தன் சொத்துகளை லாப நோக்கற்ற சங்கம் ஒன்றுக்கு எழுதிக்கொடுத்தது. பல துறை மருத்துவர்கள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து பணியாற்றி, சம்பளம் மட்டும் பெறும் முறையின் முன்னோடியாக இது கருதப்படுகிறது. நல்ல வருமானம் தரும் மருத்துவத் தொழிலில் இருப்பவருக்குப் படிக்கவும் பயணம் செய்யவும் ஓய்வு கொள்ளவும் நேரம் எங்கிருந்து கிடைக்கும் என்ற கேள்விக்கு இந்நிறுவனத்தின் முதல் ஐம்பது ஆண்டுகள் ஒரு விடை தருகின்றன. அந்த விடைக்கு ஒரு விலையும் இருந்தது.

தனி மருத்துவரின் வாழ்க்கை

வில்லியம் வொரல் மேயோ 1819-இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். உள்நாட்டுப் போர்க்காலத்தில், படைக்கு ஆள் சேர்க்கும் வாரியத்தின் மருத்துவராக 1863-இல் ராச்செஸ்டருக்கு வந்தார். அக்கால நாட்டுப்புற மருத்துவரின் தொழில் குதிரை வண்டியில் நடந்தது. பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்தன; அழைப்பு எந்நேரமும் வரலாம். நோயாளி மருத்துவரை நம்பினாரே தவிர, நிறுவனம் என்று நம்புவதற்கு எதுவும் இல்லை. மருத்துவர் படுத்தால் வருமானமும் படுத்துவிடும்.

புதிய நுண்ணோக்கி வாங்குவதற்காக மேயோ தம் வீட்டை அடமானம் வைத்தார் என்றும், மனைவி லூயிஸ் அதற்குச் சம்மதித்தார் என்றும் குடும்பத்தில் சொல்லப்படும் கதை புகழ்பெற்றது. மருத்துவரின் தொழில் முதலீடும் வீட்டுச் சேமிப்பும் அன்று வேறு வேறாக இல்லை என்பதை அது காட்டுகிறது.

மூத்த மகன் வில்லியம் ஜேம்ஸ் (வில்) 1883-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும், இளையவர் சார்லஸ் ஹொரேஸ் (சார்லி) 1888-இல் சிகாகோவிலும் மருத்துவப் பட்டம் பெற்றுத் தந்தையுடன் சேர்ந்தனர்.

கன்னியர் கட்டிய மருத்துவமனை

1883 ஆகஸ்ட் 21 அன்று ராச்செஸ்டரைச் சூறாவளி தாக்கியது. காயமடைந்தவர்களைக் கவனிக்க ஊரில் மருத்துவமனை இல்லை. புனித பிரான்சிஸ் சபைக் கன்னியரின் தலைவி அன்னை ஆல்பிரட் மோஸ், தாங்கள் மருத்துவமனை கட்டினால் மேயோ அதன் மருத்துவப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று கேட்டார். இவ்வளவு சிறிய ஊரில் அது நடக்குமா என்று மேயோ தயங்கினார். கன்னியர் பல ஆண்டுகள் சிக்கனமாகப் பணம் சேர்த்தனர். 1889 செப்டம்பர் 30 அன்று 27 படுக்கைகளுடன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் முதல் அறுவைச் சிகிச்சை நடந்தது. சார்லி கத்தியைப் பிடித்தார், வில் உதவினார், எழுபது வயதுத் தந்தை மயக்க மருந்து கொடுத்தார்.

பொருளாதார நோக்கில் இந்த ஏற்பாட்டின் முக்கியத்துவம் பெரிது. கட்டடத்துக்கு முதல் போட்டவர்கள் கன்னியர். செவிலியர் பணியைச் செய்தவர்களும் அவர்களே, அதுவும் ஊதியமின்றி. மேயோ குடும்பத்தின் லாபக் கணக்கைப் பேசும்போது பலரும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கன்னி மேரி ஜோசப் டெம்ப்சி 1892 முதல் 1939 வரை மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். 1890 முதல் 1915 வரை அறுவை அரங்கில் வில்லின் முதல் உதவியாளராகவும் அவரே நின்றார். வயிற்றுப் புற்றுநோய் பரவும்போது தொப்புளில் தோன்றும் கட்டி இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ஒரே பணப்பெட்டி

சகோதரர் இருவரும் பொதுவான ஒரே வங்கிக் கணக்கை வைத்திருந்தனர். யார் எவ்வளவு ஈட்டினார் என்று பிரித்துப் பார்க்காமல், தேவைக்கு ஏற்ப இருவரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டனர். நம் ஊர்க் கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடையைப் போன்றதே இது. இந்தக் கணக்கு முறைதான் அவர்களுக்கு நேரத்தைக் கொடுத்தது. ஒருவர் வேறு நகரங்களுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று பெரிய அறுவை மருத்துவர்களின் வேலையைப் பார்த்துக் கற்றுவர, மற்றவர் ஊரில் நோயாளிகளைக் கவனித்தார். வெளியே போனவருக்கு வருமான இழப்பு இல்லை. உள்ளே இருந்தவருக்குக் கூடுதல் பங்கும் இல்லை. முதல் உலகப் போரின்போது இருவரும் வாஷிங்டனில் ராணுவ மருத்துவத் துறைக்கு ஆலோசகர்களாக மாறி மாறிப் பணியாற்றியதும் இதே முறையில்தான்.

சகோதரர்கள் இருவரோடு நின்றிருந்தால் இது குடும்பப் பாசத்தின் கதையாகவே முடிந்திருக்கும். 1890-கள் முதல் ஸ்டிஞ்ச்ஃபீல்ட், கிரகாம், பிளம்மர், ஜட் முதலியோர் கூட்டாளிகளாக வந்தனர். இவர்களில் உறவினரும் இருந்தனர், உறவற்றவரும் இருந்தனர். உறவில்லாதவர்களுக்கு இடையே அதே நம்பிக்கையை உண்டாக்கக் கணக்கும் ஏடும் தேவைப்பட்டன.

ஏடும் கணக்கும்

1908-இல் ஹாரி ஹார்விக் என்னும் இளைஞர் உள்ளூர் வங்கி வேலையிலிருந்து இங்கு வந்தார். கட்டண வசூல், சம்பளம், கொள்முதல் எல்லாம் மெல்ல அவர் பொறுப்புக்கு மாறின. மருத்துவர் நோயைப் பார்க்க, நிர்வாகத்தை அதற்கென்று ஒருவர் பார்க்கும் பிரிவினை இதனால் உருவானது. ஹார்விக் 1952 வரை பணியில் இருந்தார்.

அதைவிட ஆழமான மாற்றத்தைச் செய்தவர் ஹென்றி பிளம்மர். 1901-இல் சேர்ந்த இவர் தைராய்டு நோய் ஆய்வாளர். இயந்திரங்களிலும் பெரும் ஈடுபாடு கொண்டவர். அதுவரை ஒவ்வொரு மருத்துவரும் தம் பேரேட்டில் தம் குறிப்பை எழுதிவந்தார். ஒரு நோயாளியை மூவர் பார்த்திருந்தால், அவருடைய கதை மூன்று பேரேடுகளில் சிதறிக் கிடக்கும். 1907-இல் பிளம்மர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண்ணையும் ஒரே கோப்பையும் அளித்தார். யார் பார்த்தாலும் அந்தக் கோப்பில்தான் எழுத வேண்டும். 1914-இல் திறக்கப்பட்ட கட்டடத்தில் கோப்புகள் அறைக்கு அறை இயந்திர வழியாகச் சென்றன.

இதை வெறும் அலுவலகச் சீர்திருத்தமாகக் கருதுவது பிழை. பேரேடு மருத்துவரிடம் இருந்தவரை நோயாளியும் அவருடையவர். அவர் ஊரில் இல்லாவிட்டால் சிகிச்சை நின்றுபோகும். கோப்பு நிறுவனத்துக்கு உரியதானபின் வேறொரு மருத்துவர் அதைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. மருத்துவர் நோயாளியை விட்டுச் செல்வது குற்றமாகத் தோன்றாத நிலை அப்போதுதான் வந்தது. அதே வேளையில், தனக்கென்று நோயாளிக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பிறகு தனியாகக் கடை போடும் வழியும் அடைபட்டது.

சொத்தைத் துறத்தல்

வருமானம் பெருகியது. தங்கள் தேவைக்கு மேல் சேர்ந்த பணம் நோயாளிகளிடமிருந்து வந்தது என்பதால், அது ஏதாவதொரு வகையில் பொதுமக்களிடமே திரும்ப வேண்டும் என்று சகோதரர்கள் கருதினர். 1915-இல் 15 லட்சம் டாலர் கொடுத்து, மருத்துவ மேற்படிப்புக்காக மேயோ அறக்கட்டளையை நிறுவி, அதை மின்னசோட்டா பல்கலைக்கழகத்துடன் இணைத்தனர். மாநிலத்தின் மருத்துவர்கள் பலர் இதை எதிர்த்தனர். ஒரு தனியார் தொழில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது அவர்கள் குறை. அது முற்றிலும் நியாயமற்றதும் அல்ல. அன்று கிளினிக்கின் லாபம் கூட்டாளிகளுக்கே போய்க்கொண்டிருந்தது. 1917-இல் இணைப்பை முறிக்கும் முயற்சி சட்டமன்றம் வரை சென்றது. வில் நேரில் சென்று பேசினார், முயற்சி தோற்றது.

1919-இல் கட்டடங்கள், கருவிகள், முதலீடுகள் அனைத்தும் மேயோ சொத்துச் சங்கத்துக்கு மாற்றப்பட்டன. அதன் வருமானத்தில் எந்தத் தனிநபருக்கும் பங்கில்லை என்று ஆவணம் கூறியது. 1923-இல் கூட்டாண்மையும் முடிவுக்கு வந்து, எல்லா மருத்துவர்களும் சம்பளக்காரர்களாயினர். சார்லியின் மகன்கள் சார்லஸ் வில்லியமும் ஜோசப்பும் மருத்துவம் படித்தனர். வில்லின் இரு மகள்களும் அங்கிருந்த மருத்துவர்களையே மணந்தனர். வாரிசுகள் இருந்தும் வாரிசுரிமை இல்லாமல் போயிற்று.

தனித்தொழிலில் பெரும் பணம் ஈட்டியிருக்கக்கூடிய அறுவை மருத்துவர் இதனால் இழந்தது உண்மை. ஒரு நோயாளிக்குக் கூடுதலாக ஒரு சோதனை செய்வதாலோ, அவரைச் சக மருத்துவரிடம் அனுப்புவதாலோ அவருடைய வருமானம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அமெரிக்க மருத்துவ உலகம் இந்த முறையை எளிதில் ஏற்கவில்லை. 1932-இல் மருத்துவச் செலவுகள் குறித்த தேசியக் குழு ஒன்று கூட்டு மருத்துவத்தைப் பரிந்துரைத்தபோது, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் அதைப் பொதுவுடைமை என்று சாடியது. அச்சங்கத்தின் தலைவர் பதவியை 1906-இல் வில்லும் 1917-இல் சார்லியும் வகித்திருந்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

பெண்களின் பங்கு

மருத்துவர்களுக்குக் கிடைத்த சமநிலை அவர்களைச் சுற்றியிருந்த பெண்களுக்கும் கிடைத்தது என்று சொல்ல முடியாது. பயிற்சி பெற்ற செவிலியரான எடித் கிரகாம் அங்கு மயக்க மருந்து கொடுக்கும் பணியைச் செய்துவந்தார். 1893-இல் சார்லியை மணந்தபின் அவருடைய வாழ்க்கை பெரிய குடும்பத்தை நடத்துவதில் கழிந்தது. அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற ஆலிஸ் மெகாவ், 14,000-க்கும் மேற்பட்ட அறுவைகளில் மயக்க மருந்தால் ஒரு மரணமும் நேரவில்லை என்ற தம் அனுபவத்தை 1906-இல் கட்டுரையாக வெளியிட்டார். கூட்டாளிகளின் பட்டியலில் அவர் இல்லை.

விலகல்

கை தளரும் முன்பே விலக வேண்டும் என்று எண்ணிய வில், 1928-இல் அறுவைச் சிகிச்சை செய்வதை நிறுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு, விழித்திரையில் ஏற்பட்ட ரத்தக்கசிவு சார்லியையும் அறுவை அரங்கிலிருந்து வெளியேற்றியது. 1939 மார்ச்சில் கன்னி மேரி ஜோசப்பும், மே 26-இல் சார்லியும், ஜூலை 28-இல் வில்லும் இறந்தனர். சார்லியின் மகன் சார்லஸ் வில்லியம் மேயோ அதன் பிறகும் பல ஆண்டுகள் அங்கே அறுவை மருத்துவராகப் பணியாற்றினார், மற்றவர்களைப் போலவே சம்பளத்துக்கு.