பாட்டிலோட பின்பக்கம்: பர்பனும் 1897-ன் பச்சை முத்திரையும்

இன்னைக்கு எபிசோட் அமெரிக்க விஸ்கியான பர்பன் பத்தி. அதுலயும் 'கிராஃப்ட்', 'ஸ்மால் பேட்ச்', 'லிமிடெட் ரிலீஸ்'னு எழுதி வர்ற பாட்டில்கள். இந்த மூணு சொல்லுக்கும் அமெரிக்க மத்தியச் சட்டத்துல ஒரு வரையறையும் கிடையாது. யார் வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம். ஆனா அதே பாட்டில்ல 'பாட்டில்ட் இன் பாண்ட்'னு ஒரு வரி இருந்தா, அதுக்குப் பின்னாடி ஒரு சட்டம் நிக்குது. அது 1897-ல வந்தது.

அது ஏன் வந்துச்சுன்னு புரியணும்னா, 19-ம் நூற்றாண்டுல விஸ்கியைப் பாட்டில்ல விக்கறதே அபூர்வம்ங்கறதை முதல்ல மனசுல வெச்சுக்கணும். வடிசாலைக்காரர் பீப்பாயா விப்பார், கடைக்காரர் அதுலேர்ந்து ஊத்திக் கொடுப்பார். இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல 'ரெக்டிஃபையர்'னு ஒரு கூட்டம். மலிவான, நிறமே இல்லாத ஸ்பிரிட்டை வாங்கி, கருக்கின சர்க்கரை, உலர்ந்த பிளம் சாறு, சில நேரம் அயோடின், புகையிலைன்னு கலந்து, பல வருஷம் பீப்பாய்ல கிடந்த சரக்கு மாதிரி நிறம் ஏத்திடுவாங்க. எல்லாருமே ஏமாத்துனாங்கன்னு சொல்ல முடியாது, நல்லா பிளெண்ட் பண்ணவங்களும் உண்டு. ஆனா குடிக்கறவனுக்கு எது எதுன்னு தெரிய வழியில்ல. அந்தக் காலத்துல டாக்டர்கள் விஸ்கியை மருந்தா எழுதிக் கொடுப்பாங்க, அதுதான் இதுல பெரிய ஆபத்து. 1870-ல லூயிவில் ஊர்ல, மருந்து விக்கற வேலை பார்த்த ஜார்ஜ் கார்வின் பிரவுன், முத்திரை வெச்ச பாட்டில்ல மட்டுமே 'ஓல்ட் ஃபாரெஸ்டர்' விக்க ஆரம்பிச்சதுக்கு இதுதான் காரணம்.

அடுத்து வர்றவர் எட்மண்ட் ஹேய்ன்ஸ் டெய்லர் ஜூனியர். கென்டக்கியில கோட்டை மாதிரியே ஒரு வடிசாலை கட்டினவர். கருவூலச் செயலரா இருந்த ஜான் கார்லைலும் அதே கென்டக்கிக்காரர். இவங்க முயற்சியில 1897 மார்ச் 3-ல அந்தச் சட்டம் வந்துச்சு. ஒரே வடிசாலை, ஒரே பருவத்துல வடிச்சது, அரசு கண்காணிக்கற கிடங்குல குறைஞ்சது 4 வருஷம், பாட்டில்ல சரியா 100 புரூஃப், அதாவது 50% ஆல்கஹால். தண்ணியைத் தவிர வேற எதுவும் கலக்கக் கூடாது. மூடி மேல அரசோட பச்சை முத்திரை.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இந்த அமைப்பு வேலை செஞ்ச விதம். விஸ்கி கிடங்கை விட்டு வெளிய போகும்போதுதான் வரி. அதனால அரசுக்கு ஒவ்வொரு பீப்பாயும் முக்கியம், கிடங்கோட பூட்டுல அரசு அதிகாரிக்கும் பங்கு உண்டு. வரிக்காக வெச்ச அதே பூட்டு, சரக்கு அசல்ங்கறதுக்கும் சாட்சியாயிடுச்சு. நம்ம பாஷைல சொன்னா, பில்லிங்குக்காக எழுதின ஆடிட் லாக்கை அப்படியே செக்யூரிட்டிக்கும் பயன்படுத்திக்கிட்டாங்க. டெய்லர் ஒண்ணும் சமூக சேவை பண்ணலை. ரெக்டிஃபையர்கள் அவர் வியாபாரத்தைத் தின்னுக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான்.

சண்டை அதோட முடியலை. 1906-ல உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்ததும், எதுக்கு விஸ்கின்னு பேர் வைக்கலாம்ங்கற தகராறு அதிபர் வரைக்கும் போச்சு. 1909-ல அதிபர் டாஃப்ட், கலந்ததும் விஸ்கிதான், ஆனா 'ஸ்ட்ரெய்ட்'டா 'பிளெண்டட்'டான்னு லேபிள்ல சொல்லணும்னு தீர்த்து வெச்சார். (நம்ம ஊர்ல கரும்பு மொலாசஸ் ஸ்பிரிட்டுல செய்யறதும் விஸ்கின்னுதான் விக்குது. அதை ஐரோப்பாவுல அந்தப் பேர்ல விக்க முடியாது.) அப்புறம் 1920-லேர்ந்து 1933 வரை மதுவிலக்கு. 1964-ல பர்பன் அமெரிக்காவுக்கே உரிய பானம்னு அவங்க காங்கிரஸ் தீர்மானம் போட்டுச்சு.

சரி, இன்னைக்கு நிலைமைக்கு வருவோம். போன மாசம் ஒரு ஃப்ரெண்டு அமெரிக்காவுலேர்ந்து சின்ன வடிசாலை ஒண்ணோட லிமிடெட் ரிலீஸ் பர்பன் கொண்டு வந்தான். ஒரே பீப்பாய்லேர்ந்து எடுத்தது, பாட்டில் நம்பர் கையால எழுதியிருந்துச்சு. முகர்ந்தா வெனிலா, லேசா கருகின வெல்லப்பாகு. முதல் மடக்குல நாக்கு எரிஞ்சுது. நாலு சொட்டு தண்ணி விட்டதும் மக்காச்சோளத்தோட இனிப்பு மெதுவா மேல வந்துச்சு. எசென்ஸ் எதுவும் கிடையாது, சட்டமே விடாது. பர்பன்னா தானியத்துல குறைஞ்சது 51% மக்காச்சோளம் இருக்கணும், உள்பக்கம் தீயில கருக்கின புது ஓக் பீப்பாய்ல ஊறணும். மரத்துல இருக்கற லிக்னின் சூட்டுல உடைஞ்சு வெனிலினா மாறுது. கருகின வெல்லம் மாதிரி வர்ற வாசனை, மரத்தோட சர்க்கரைச் சத்து தீயில வெந்ததால வர்றது.

நிஜமாவே நல்லா இருந்துச்சு. அப்புறம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் மலையும் ஓடையும் படம். பின்பக்கம் பொடி எழுத்துல 'இண்டியானாவில் வடிக்கப்பட்டது'. வடிசாலை இருக்கறது வேற மாநிலத்துல!

இண்டியானாவுல லாரன்ஸ்பர்க்னு ஒரு ஊர். 1847-லேர்ந்து அங்க பெரிய ஆலை ஒண்ணு ஓடுது. ரொம்ப காலம் சீக்ரம் நிறுவனத்துக்கிட்ட இருந்துச்சு, 2011-லேர்ந்து எம்ஜிபி கைல. நிறைய 'கிராஃப்ட்' பிராண்டுகளோட சரக்கு அங்க வடிச்சதுதான். இதுல பணக் கணக்கு ஒண்ணு இருக்கு. புதுசா வடிசாலை ஆரம்பிச்சா நாலு வருஷம் பீப்பாயைப் பார்த்துக்கிட்டே உட்காரணும், வருமானம் வராது. சில பேர் ஜின், வோட்கா வித்துக் காத்திருக்காங்க, சில பேர் ஊறின சரக்கை வாங்கி விக்கறாங்க. வாங்கி விக்கறதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். அதை மறைச்சாத்தான் தப்பு. அயோவாவோட டெம்பிள்டன் ரை, மதுவிலக்குக் காலத்து ரெசிப்பின்னு கதை சொல்லி வித்துச்சு. 2014-ல வழக்கு வந்துச்சு, 2015-ல சமரசமாகி வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்து லேபிளையும் மாத்தினாங்க.

1897 சட்டம் எந்த வடிசாலைன்னு கேட்டுச்சு, வடிச்சது யாருன்னு கேக்கலை. உள்நாட்டுப் போருக்கு முன்னாடி கென்டக்கி, டென்னசி வடிசாலைகள்ல அடிமைகளா இருந்த கறுப்பின மக்கள் நிறைய பேர் வேலை பார்த்தாங்க. அதுல ஒருத்தர் நியரஸ்ட் கிரீன். டென்னசியில டேன் கால்ங்கற பாதிரியாரோட பண்ணையில விஸ்கி வடிச்சவர். அங்க வேலைக்கு வந்த சின்னப் பையன் ஒருத்தனுக்குத் தொழில் கத்துக் கொடுத்தார். அந்தப் பையன் பேர் ஜாக் டேனியல். போர் முடிஞ்சு அடிமைமுறை ஒழிஞ்சதும் ஜாக் டேனியலோட வடிசாலைக்கு முதல் தலைமை வடிப்பாளர் கிரீன்தான். உள்ளூர்க்காரங்களுக்கு இது தெரிஞ்ச கதை, ஆனா கம்பெனி ஊரறியச் சொல்ல ஆரம்பிச்சது 2016-லதான்.

ஒரு பழைய போட்டோ இருக்கு. வடிசாலை ஆட்களோட ஜாக் டேனியல் உட்கார்ந்திருக்கார், அவருக்குப் பக்கத்துலயே ஒரு கறுப்பின மனிதர். கிரீனோட மகன் ஜார்ஜ்னு கருதறாங்க. கிரீன் பேர்லயே ஒரு பாட்டில் கடைக்கு வந்தது 2017-ல. அந்த முதல் சரக்கும் வேற வடிசாலைகள்ல வடிச்சு வாங்கினதுதான்.