பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் ஒரு பூட்டும்

தொழிற்சாலை என்றதும் பெரிய பெரிய இயந்திரங்கள்தான் கண் முன்னே வரும். அவற்றை ஓட்டுகிற மோட்டாரைக்கூடச் சிலர் நினைத்துப் பார்ப்பார்கள். ஆனால் அந்த மோட்டாரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கிற இரும்புப் பெட்டியை யாரும் நினைப்பதில்லை. அந்தப் பெட்டிக்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பெட்டியைச் செய்வது அதில் பாதிக் கதைதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் திறந்து இன்னொரு மோட்டாரைச் சேர்ப்பது, பழைய இணைப்பை மாற்றுவது, அதை ஆள் சாகாமல் செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டது மீதிப் பாதி. இந்தப் பாதிக்குத்தான் அதிக காலம் பிடித்தது. கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கிறது.

மோட்டாரை நேரடியாக மின்சாரத்தில் கொடுத்தால் என்ன என்ற கேள்வியில்தான் எல்லாம் தொடங்குகிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் ஓட ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில், சாதாரணமாக எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் எடுக்கும். சின்ன மோட்டார் தாங்கிக்கொள்ளும். அந்தக் காலத்துப் பெரிய டி.சி. மோட்டார்கள் தாங்காது. அதனால் நடுவில் ஒரு தடையை வைத்து, வேகம் ஏற ஏற அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். அந்தத் தடைக்குப் பெயர் ரியோஸ்டாட். ஒரு கற்பலகை, அதன் மேல் வரிசையாகப் பித்தளைப் புள்ளிகள், நடுவில் ஒரு கைப்பிடி. ஆள் நின்று கைப்பிடியை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துவான். எல்லாம் திறந்தவெளியில், கை படுகிற தூரத்தில் இருக்கும்!

இந்த வியாபாரத்துக்குத் தலைநகராக ஆனது மில்வாக்கி நகரம். கட்லர்-ஹாமர் கம்பெனி 1893ல் சிகாகோவில் தொடங்கி 1899ல் மில்வாக்கிக்குக் குடிபெயர்ந்தது. அதே 1893ல், பதினைந்து வயதுப் பையனான லிண்ட் பிராட்லி கார்பன் வில்லைகளை அடுக்கி, அவற்றை அழுத்துவதன் மூலம் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருடம் கழித்து, 1903ல், டாக்டர் ஸ்டாண்டன் ஆலன் போட்ட 1000 டாலர் முதலீட்டில் கம்பெனி பிறந்தது. அதுதான் 1909ல் ஆலன்-பிராட்லி என்று பெயர் மாறியது. 1985ல் ராக்வெல் அந்தக் கம்பெனியை வாங்கியபோது கொடுத்த விலை சுமார் 165 கோடி டாலர். ஆயிரம் டாலர் முதலுக்கு இது மோசமான வளர்ச்சி இல்லை.

கைப்பிடி ஸ்டார்ட்டரில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, திடீரென்று மின்சாரம் போய்விடுகிறது. ஆள் பழுது பார்க்க இயந்திரத்துக்குள் கையை விடுகிறான். மின்சாரம் திரும்பி வருகிறது. கைப்பிடி இன்னும் ஓடும் நிலையிலேயே இருந்தால்? அதனால் மின்சாரம் போனதும் கைப்பிடி தானே பின்னுக்கு வந்துவிடும்படி ஒரு காந்தத்தை வைத்தார்கள். பிற்பாடு வந்த கான்டாக்டர் இதையே அழகாகச் செய்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயில் காந்தமாகி மூன்று முனைகளையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதோடு ஒரு சின்னத் துணை முனையும் சேர்ந்து ஒட்டும். விரலை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருப்பது அந்தத் துணை முனைதான். சிவப்பை அழுத்தினாலோ மின்சாரம் போனாலோ எல்லாம் விட்டுவிடும். மின்சாரம் திரும்ப வந்தாலும், யாராவது வந்து பச்சையை அழுத்தும் வரை மோட்டார் அசையாது. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் இருக்கிற பச்சையும் சிவப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

கூடவே ஓவர்லோடு ரிலேயும் வந்தது. மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் ஒரு சின்ன ஹீட்டர் சூடாகி, உள்ளே இருக்கும் ஈயக் கலவையை உருக்கி, ஸ்டார்ட்டரை விடுவித்துவிடும். அந்த ஹீட்டரைக் கழற்றி மாற்றலாம். பெட்டியை மாற்றுவதில் வரும் முதல் வகைத் தவறு இங்கேதான் நுழைகிறது. மோட்டார் அடிக்கடி நிற்கிறது என்றால் ஏன் நிற்கிறது என்று பார்க்காமல், ஒரு சைஸ் பெரிய ஹீட்டரைப் போட்டுவிடுவது. அதன் பிறகு மோட்டார் நிற்காது, எரியும் வரை ஓடும்.

ஆளுக்கொரு பெட்டியாகச் சுவரெல்லாம் ஸ்டார்ட்டர்கள் நிறைந்தபோது அவற்றை ஒரே இடத்தில் சேர்க்கும் யோசனை வந்தது. மோட்டார் கன்ட்ரோல் சென்டர், சுருக்கமாக எம்.சி.சி. சுமார் 1950 முதல் கார் தொழிற்சாலைகளில் இது பரவியது. 20 அங்குல அகலமும் 90 அங்குல உயரமும் உள்ள பீரோக்கள் வரிசையாக நிற்கும். பின்னால் தாமிரப் பட்டைகளில் மின்சாரம் ஓடும். முன்னால் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓர் இழுப்பறை. அதற்கு அங்கே பக்கெட் என்று பெயர். பக்கெட்டை உள்ளே தள்ளினால் அதன் முதுகில் உள்ள கவ்விகள் தாமிரப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். புது மோட்டார் வந்தால் காலியாக விட்டிருக்கும் அறையில் ஒரு பக்கெட்டைச் செருகினால் போதும். விரிவாக்கத்தை முன்கூட்டியே நினைத்துச் செய்த பெட்டி இது.

ஆனால் அந்தச் சௌகரியமே ஆபத்தும் ஆனது. தொழிற்சாலையை நிறுத்த மனமில்லாமல், பின்னால் பட்டையில் மின்சாரம் இருக்கும்போதே பக்கெட்டைச் செருகுவார்கள். கவ்வி கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தால் அங்கேயே தீப்பொறி வெடிக்கும். கதவு திறந்தால் சுவிட்ச் போட முடியாதபடி ஒரு தடை உண்டு. பழுது பார்ப்பவர்களுக்காக அந்தத் தடையை ஸ்க்ரூடிரைவரால் விலக்கவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். எந்த வழி வழக்கமாகிவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மோட்டாரை ஓட்டுவது ஒரு வேலை. இருபது மோட்டார்களை ஒழுங்கான வரிசையில் ஓட்டுவது வேறு வேலை. கிளாம்ப் பிடித்த பிறகுதான் துளையிட வேண்டும், துளையிட்ட பிறகுதான் நகர வேண்டும், ஆயில் அழுத்தம் இல்லாவிட்டால் எதுவும் ஓடக்கூடாது. இந்த "பிறகுதான்"களை எல்லாம் ரிலேக்கள் பார்த்துக்கொண்டன. கார் தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கான ரிலேக்கள் அலமாரி அலமாரியாக நின்றன. கார் கம்பெனிகளோ வருடா வருடம் புது மாடல் விடுபவை. மாடல் மாறினால் இயந்திரத்தின் வேலை மாறும், வேலை மாறினால் ரிலேக்களின் இணைப்பு மாற வேண்டும். ஒரு கம்பியைத் தவறான முனையில் மாட்டினால், கிளாம்ப் பிடிக்காமலேயே துளையிடும் மோட்டார் ஓடலாம். எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற வரைபடத்தைப் போன தடவை மாற்றியவர் திருத்தி வைத்தாரா என்பதும் சந்தேகம். பல சமயம் பழைய அலமாரியில் கம்பி மாற்றுவதை விட அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவதே மலிவாக இருந்தது. கணக்குப் புத்தகத்தில் ஐந்தோ பத்தோ வருடம் தேய்மானம் எழுத வேண்டிய சொத்து, மாடல் மாறியதும் பழைய இரும்பு விலைக்குப் போனது என்றால் முதலாளிக்கு எப்படி இருந்திருக்கும்!

ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி செய்தது. மாற்ற வேலையின் ஆபத்தை அது வேறு விதமாகவும் பார்த்திருந்தது. மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த அதன் தொழிற்சாலை 1953 ஆகஸ்ட் 12 அன்று எரிந்து போனது. ஓடிக்கொண்டிருந்த தொழிற்சாலைக்குள் வேலை செய்ய வந்தவர்களின் கட்டிங் டார்ச்சிலிருந்து பறந்த பொறிதான் காரணம். பிறகு அந்தப் பிரிவு வில்லோ ரன் என்ற இடத்துக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரில் ஃபோர்டு கம்பெனி குண்டுவீச்சு விமானங்கள் செய்த அதே பிரம்மாண்டமான கட்டிடம்.

இதே ஹைட்ராமேட்டிக் பொறியாளர்கள் 1968ல் ரிலே அலமாரிக்கு மாற்று வேண்டும் என்று ஒரு நிபந்தனைப் பட்டியல் தயாரித்தார்கள். தொழிற்சாலைக்குள்ளேயே நிரல் எழுதவும் திருப்பி எழுதவும் முடிய வேண்டும். பழுதானால் செருகிக் கழற்றும் துண்டுகளாக இருக்க வேண்டும். ரிலே அலமாரியை விடச் சிறியதாக, விலையில் அதோடு போட்டி போடக்கூடியதாக இருக்க வேண்டும். விரிவாக்கும்போது ஏற்கெனவே உள்ள அமைப்பைக் கூடியவரை தொடாமல் விரிவாக்க முடிய வேண்டும். நினைவகம் 4000 சொற்கள் வரை வளர வேண்டும். பட்டியலின் கணிசமான பகுதி மாற்றுவதையும் சேர்ப்பதையும் பற்றியதே. சும்மா ஓட்டுவதற்கு ரிலேயே போதுமானதாக இருந்தது.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் இருந்த டிக் மோர்லியும் இதையே யோசித்திருந்தார். இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி வடிவமைத்துத் தருவது அவர்கள் தொழில். ஒவ்வொரு வேலையும் போன வேலை மாதிரியே இருக்கிறதே என்ற சலிப்பில், 1968 ஜனவரி 1 அன்று, புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் தலைவலியோடு, புதுக் கருவிக்கான குறிப்பை எழுதினார் என்பது அவரே சொன்ன கதை. அதிலிருந்து பிறந்த கருவி மோடிகான் 084. கம்பெனியின் 84வது வேலை என்பதால் அந்த எண். விசிறி கிடையாது, ஆன்-ஆஃப் சுவிட்ச் கூடக் கிடையாது. தூசியிலும் எண்ணெயிலும் கிடந்து உழைக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று இந்த வகைக்கு பி.எல்.சி. என்று பெயர்.

மோர்லியின் கெட்டிக்காரத்தனம் மின்னணுவில் மட்டும் இல்லை. எலக்ட்ரீஷியன்கள் ரிலே வரைபடத்தை ஏணிப்படி மாதிரி வரைவது வழக்கம். அந்த ஏணியையே நிரல் மொழியாக வைத்தார்கள். கம்ப்யூட்டர் என்றால் மிரளும் ஆளும் ஏணியைப் படித்துவிடுவான். கம்பி மாற்றுவதற்குப் பதில் படியை மாற்றினால் போதும்.

அப்படியானால் பாதுகாப்புப் பிரச்சினை தீர்ந்ததா? ஒரு பகுதி தீர்ந்தது, ஒரு பகுதி இடம் மாறியது. கம்பி மாற்ற ஒரு நாள் ஆகும், நாலு பேர் பார்ப்பார்கள். படியை மாற்ற ஒரு நிமிடம் போதும், அதுவும் இயந்திரம் ஓடும்போதே செய்யலாம், யார் கண்ணிலும் படாது. அதனால் அவசரமாக நிறுத்தும் சிவப்புக் காளான் பொத்தானை மட்டும் நிரலிடம் நம்பி ஒப்படைக்கவில்லை. அது நேரடிக் கம்பியில்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் இயந்திர மின்சார விதியான என்.எஃப்.பி.ஏ. 79 வைத்திருந்தது. பாதுகாப்புக்கென்றே தனியாகச் செய்த கருவிகளுக்கு அந்த விதி வழி விட்டது 2002ல்தான்.

இனி பூட்டு. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு இயந்திரத்துக்குள் போனவனை, தெரியாமல் பச்சையை அழுத்தி இன்னொருவன் கொன்றுவிடலாம். இதற்கு மருந்து ரொம்ப எளிது. மெயின் சுவிட்சை இறக்கி, வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வது. கடைசி ஆள் வெளியே வந்து பூட்டைக் கழற்றும் வரை சுவிட்ச் ஏறாது. சில டாலர் விலையுள்ள பூட்டு. ஆனால் பூட்டியிருக்கும் நேரம் உற்பத்தி இல்லாத நேரம், அதன் விலை வேறு. வாகனத் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ. 1979ல் இதைச் சட்டமாக்கச் சொல்லி அரசிடம் மனுக் கொடுத்தது. ஓஷா என்ற தொழில் பாதுகாப்புத் துறை விதியை வெளியிட்டது 1989 செப்டம்பரில். நடைமுறைக்கு வந்தது 1990 ஜனவரியில். இந்த விதியைக் கடைப்பிடித்தால் வருடத்துக்கு 120 உயிர்கள் தப்பும், 50,000 காயங்கள் குறையும் என்பது ஓஷாவின் மதிப்பீடு. பத்து வருடத் தாமதத்தை அந்த 120ஆல் பெருக்கிப் பார்க்கத் தோன்றாமல் இருக்காது.

பூட்டு காப்பாற்றாத ஆபத்து ஒன்றும் இருந்தது. மின்சார விபத்து என்றாலே ஷாக் என்றுதான் நினைத்திருந்தார்கள். ரால்ஃப் லீ என்ற பொறியாளர் 1982ல், தொடாமலேயே எரிக்கும் மின்வில்லைப் பற்றிக் கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதினார். பெட்டிக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆனால் உண்டாகும் அந்தத் தீயின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பை விட அதிகம். எதிரில் நிற்பவனுக்குச் சில அடி தூரத்திலேயே தோல் வெந்துவிடும். 1995ல் என்.எஃப்.பி.ஏ. 70இ என்ற விதி, இந்த வில்லுக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று எல்லை வகுத்தது.

இது விரிவாக்கத்தோடு எப்படிச் சேர்கிறது என்றால், கணக்கைப் பாருங்கள். ஒரு தொழிற்சாலையில் 480 வோல்ட் கொடுக்கும் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதன் முழுச் சுமைக் கரண்ட் சுமார் 600 ஆம்பியர். உள்தடை 5.75 சதவீதம் என்றால், ஷார்ட் ஆகும்போது பாயக்கூடியது சுமார் 10,500 ஆம்பியர். பழைய பெட்டிகள் அதைத் தாங்கும் என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். தொழில் பெருகுகிறது. புது மோட்டார்களுக்காக அதே உள்தடையுள்ள 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் வருகிறது. இப்போது பாயக்கூடியது சுமார் 21,000 ஆம்பியர். பழைய பெட்டியில் யாரும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டி இனி போதாது. ஷார்ட் ஆகும் நாள் வரை இது யாருக்கும் தெரியவும் தெரியாது.

2005ம் வருட அமெரிக்க மின்சார விதித் தொகுப்பில் 409 என்ற புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொன்றின் மேலும், அது எவ்வளவு ஷார்ட் சர்க்யூட் கரண்டைத் தாங்கும் என்று எழுதி ஒட்ட வேண்டும். அதற்கு முன் செய்த பெட்டிகளில் பெரும்பாலும் அந்த எண் இருக்காது. அப்படிப்பட்ட பெட்டியில் மோட்டார் சேர்க்க வருபவர், உள்ளே உள்ள பிரேக்கர், கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே, முனைக்கட்டை ஒவ்வொன்றின் எண்ணையும் படித்து, இருப்பதிலேயே சின்ன எண்ணைப் பெட்டியின் எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது குதிரைத்திறனுக்குள் உள்ள ஸ்டார்ட்டரில் எண்ணே எழுதியிருக்காவிட்டால், யு.எல். 508ஏ என்ற தர விதிப்படி அதற்குக் கொடுக்கிற மதிப்பு 5000 ஆம்பியர்.